தலைவர்களை இடம் மாற்றினால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் பணம் சமமாகுமா?

கேள்வி இதுதான்: ஒரு மாகாணத்தையோ நகரத்தையோ நிர்வகிக்கும் தலைவர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பகுதிக்கு மாற்றிக்கொண்டே இருந்தால், கல்வி, மருத்துவம், ஓய்வூதியம், ஏழைகளுக்கான உதவித்தொகை ஆகிய சமூகச் செலவுகளில் பகுதிக்குப் பகுதி இருக்கும் ஏற்றத்தாழ்வு குறையுமா?

இடமாற்றம் தனியாக அதைச் செய்யும் என்று நான் நம்பவில்லை. மாறிப் போகிறவரோடு பணமும் போக வேண்டும், அவர் அங்கே போதிய காலம் இருக்க வேண்டும், அவரை எந்த அளவுகோலால் மதிப்பிடுகிறார்கள் என்பதும் மாற வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த இடங்களில் இடைவெளி குறைந்திருக்கிறது. சேராத இடங்களில் ஆள் மட்டும்தான் மாறுகிறார். சில சமயம் இடைவெளி கூடவும் வாய்ப்பு உண்டு. அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

இதைச் சீனாவை வைத்துப் பார்ப்பதே பொருத்தம். இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு திட்டமிட்டுத் தலைவர்களைச் சுழற்றும் நாடு வேறு இல்லை. அங்கே இது பழைய பழக்கமும்கூட. சிங் பேரரசுக் காலத்தில் எந்த அதிகாரியும் தன் சொந்த மாகாணத்தில் பதவி வகிக்க முடியாது. உறவுக்காரர்களும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் அவரை வளைத்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். இன்றைய முறைக்கு அடித்தளம் 1990-இல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு எடுத்த முடிவு. 2006-இல் விதிகள் இன்னும் கறாராயின. ஒரே பதவியில் பத்து ஆண்டு இருந்துவிட்டால் கட்டாயம் மாற்ற வேண்டும். ஒரு மாவட்டத்தின் கட்சிச் செயலாளராகவோ நிர்வாகத் தலைவராகவோ வருகிறவர் அங்கேயே வளர்ந்தவராக இருக்கக் கூடாது. (இந்தப் பதிலில் மாவட்டம் என்று நான் சொல்வது, மாகாணத்துக்கும் நகரத்துக்கும் கீழே வரும் நிர்வாக அலகை.)

மேல்மட்டத் தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்தாலே இது புரியும். ஹூ ஜிந்தாவ் 1985-இல் குய்சோவுக்கும் 1988-இல் திபெத்துக்கும் அனுப்பப்பட்டவர். ஷி ஜின்பிங் ஃபூஜியனிலிருந்து 2002-இல் ஜெஜியாங்குக்குப் போனார். வாங் யாங் 2007-இல் சோங்சிங்கிலிருந்து வளமான குவாங்டோங்குக்குப் போனார். சென் மின்எர் 2012-இல் பணக்கார ஜெஜியாங்கிலிருந்து ஏழை குய்சோவுக்கு வந்தார். இந்த வரிசையிலேயே ஒரு விஷயம் தெரிகிறது. எல்லா இடமாற்றமும் ஒரே வகை இல்லை. வளமான இடத்திலிருந்து வறிய இடத்துக்குப் போவது ஒன்று, வறிய இடத்திலிருந்து வளமான இடத்துக்குப் போவது இன்னொன்று, தலைநகர அமைச்சகத்திலிருந்து நேரே இறங்குவது மற்றொன்று. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி ‘இடமாற்றத்தின் விளைவு’ என்று ஒரே எண்ணைச் சொன்னால், அந்த எண்ணுக்குள் எதிரெதிர் விளைவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்திருக்கலாம்.

அடுத்து, பணம் எப்படிப் போகிறது என்று தெரியாமல் மேலே நகர முடியாது. 1994-இல் சீனா வரிப் பகிர்வைத் திருத்தி அமைத்தது. 1993-இல் நாட்டின் மொத்த பட்ஜெட் வருவாயில் மத்திய அரசின் பங்கு சுமார் 22 சதவீதம். அடுத்த ஆண்டே அது 55 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் செலவுப் பொறுப்பு கீழேயே தங்கிவிட்டது. இன்றும் பட்ஜெட் செலவில் ஏறத்தாழ 85 சதவீதத்தை உள்ளாட்சி அமைப்புகளே செய்கின்றன. அதிலும் பள்ளியும் மருத்துவமும் பெரும்பாலும் மாவட்ட மட்டத்தின் தலையில். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பவர் மாகாண ஆளுநர் கிடையாது, மாவட்ட நிதி அலுவலகம். இந்த அமைப்பில் ஏழை மாவட்டத்துக்குச் சொந்த வருமானம் குறைவு, கடமை மட்டும் அதே அளவு. 2006-இல் விவசாய வரியும் ஒழிக்கப்பட்டது. விவசாயிகளுக்கு அது பெரிய நிம்மதி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விவசாயத்தை மட்டும் நம்பியிருந்த மாவட்டங்கள் அதன் பிறகு முழுக்க முழுக்க மேலிருந்து வரும் மானியத்தை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

சரி, இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு புதிய தலைவர் வருகிறார். அவரால் என்ன மாற்ற முடியும்?

நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது உண்மையானது. வெளியிலிருந்து வருபவருக்கு உள்ளூர் ஒப்பந்ததாரரிடமோ நிலத் தரகரிடமோ பழைய கடன் எதுவும் இல்லை. முந்தைய இடத்தில் நன்றாக ஓடிய திட்டத்தை இங்கேயும் கொண்டுவர முடியும். தலைநகரில் அவருக்கு ஆள் தெரியும் என்றால், மத்திய மானியத்தில் கூடுதல் பங்கு கேட்டு வாங்கவும் வாய்ப்பு உண்டு. இந்த மூன்றுமே வறிய பகுதிக்கு உதவக்கூடியவை. இடமாற்றம் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் என்று வாதிடுவோர் இவற்றைத்தான் முன்வைக்கிறார்கள்.

ஆனால் தரவு சொல்வது இவ்வளவு இனிமையாக இல்லை. பெட்ரா பெர்சன், எகடெரினா ஜுராவ்ஸ்கயா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சீன மாகாணக் கட்சித் தலைவர்களை இரண்டு வகையாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஆய்வு 2016-இல் வெளியானது. அதே மாகாணத்திலேயே படிப்படியாக மேலே வந்தவர்கள் ஒரு வகை, வேறு மாகாணத்தில் வளர்ந்து இங்கே அனுப்பப்பட்டவர்கள் இன்னொரு வகை. அந்த மாகாணத்திலேயே வளர்ந்தவர்கள் கல்விக்கும் மருத்துவத்துக்கும் அதிகம் செலவு செய்தார்கள், கட்டுமானத்தில் குறைவாகப் போட்டார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் இதற்கு நேர்மாறு. உள்ளூர்க்காரருக்கு மக்களின் தேவை நன்றாகத் தெரியும், அதனால்தான் இப்படி என்று நமக்குத் தோன்றும். ஆய்வாளர்கள் வேறு விளக்கம் தருகிறார்கள். அங்கேயே வளர்ந்தவர் தன்னை வளர்த்துவிட்ட உள்ளூர் மேல்தட்டுக்குக் கடன்பட்டவர், அவர்களுடைய விருப்பத்தை ஒட்டி நடக்கிறார். வெளியாளுக்கு அந்தக் கட்டு இல்லை. அவர் கண் மேலே இருக்கிறது, அடுத்த பதவி உயர்வில். 2007-இல் வந்த ஒரு சீன ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது. ஆளுநர்கள் மாகாணம் மாறி வந்தபோது, வந்த இடத்தின் வளர்ச்சி வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி கூடியது என்றும், அதைத் தொழில்துறையை முன்தள்ளியே சாதித்தார்கள் என்றும் அது சொன்னது.

இந்த முடிவு எனக்கு உண்மையிலேயே முக்கியமாகப் படுகிறது. உள்ளூர்ப் பிடியை உடைக்கத்தான் இடமாற்றம் வந்தது. உடைத்தும் இருக்கிறது. அந்தப் பிடியோடு சேர்ந்து பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போய்க்கொண்டிருந்த பணமும் தளர்ந்திருக்கிறது.

இங்கே சராசரியையும் ஏற்றத்தாழ்வையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கற்பனையாக ஒரு கணக்கு: ஒரு மாகாணம் தலைக்கு 4,000 யுவான் சமூகச் செலவு செய்கிறது, இன்னொன்று 2,000. வெளியாள் வந்து முதல் மாகாணத்தின் பணத்தைச் சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் திருப்பி, சமூகச் செலவை 3,000 ஆக்குகிறார். இடைவெளி இரண்டு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்காகக் குறைந்துவிட்டது. எந்தக் குறியீட்டில் போட்டாலும் முன்னேற்றம் போலவே தெரியும். ஆனால் ஏழை மாகாணத்தில் ஒரு குழந்தைக்குக்கூட எதுவும் கூடவில்லை. பணக்கார மாகாணத்தில் வாழும் ஏழைக்கு இருந்ததும் குறைந்தது. ஆகவே ‘இடமாற்றத்தால் ஏற்றத்தாழ்வு குறைந்தது’ என்று யாராவது சொன்னால், கீழே இருந்தவர் ஏறினாரா, மேலே இருந்தவர் இறங்கினாரா என்று கேட்காமல் விடக் கூடாது.

ஏற்றத்தாழ்வு கூடவும் வாய்ப்பு உண்டு என்றேன் அல்லவா, அது இப்படி. வறிய மாவட்டத்தின் பட்ஜெட்டைத் திறந்து பார்த்தால் பெரும்பகுதி சம்பளம். ஆசிரியர், மருத்துவப் பணியாளர், அலுவலர் எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு தலைவர் தன் விருப்பப்படி செலவிட மிச்சம் ஏதும் இருக்காது. மேலிருந்து வரும் மானியத்திலும் பெரும்பகுதி இன்ன காரியத்துக்கு என்று முத்திரை குத்தியே வருகிறது. அங்கே யார் வந்து உட்கார்ந்தாலும் செலவுக் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். அரசு நிலத்தின் குத்தகை உரிமையை விற்றதில் பணம் கொட்டிய கடற்கரை நகரத்தில் நிலைமை வேறு. அங்கே தலைவர் மாறினால் முன்னுரிமையும் மாறும், பணமும் கூடவே நகரும். அதாவது தலைவரின் விருப்பம் செலவாக மாறுவது பெரும்பாலும் ஏற்கெனவே வசதியான இடங்களில்தான். சமூகச் செலவில் ஆர்வமுள்ள ஒருவர் அப்படிப்பட்ட இடத்துக்குப் போனால் அந்த ஊர் மக்களுக்கு நல்லது, நாட்டின் இடைவெளி மட்டும் விரியும். ஷான்சி மாகாணத்தின் ஷென்மூ மாவட்டம் 2009-இல் ஏறத்தாழ இலவச மருத்துவத்தைத் தன் மக்களுக்குக் கொடுத்து நாடு முழுவதும் பேசப்பட்டது. நல்ல முடிவு, துணிச்சலான முடிவு. ஆனால் ஷென்மூவுக்கு அடியில் நிலக்கரி இருந்தது. அந்தத் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு நிலக்கரி இல்லாத மாவட்டத்துக்கு ஒரு தலைவர் போனால், திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும்.

காலத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. ஒரு பதவிக்காலம் ஐந்து ஆண்டு என்று விதி சொன்னாலும், நகர, மாவட்டத் தலைவர்கள் பல சமயம் அதை முடிப்பதற்குள்ளேயே மாற்றப்படுகிறார்கள். மேம்பாலம் இரண்டு ஆண்டில் முடிந்துவிடும், படம் எடுத்து அறிக்கையில் சேர்க்கலாம். கிராமப் பள்ளிக்கு நல்ல ஆசிரியர்களைக் கொண்டுவந்து தங்கவைத்தால், பலன் தெரிய ஒரு குழந்தை வளர்ந்தாக வேண்டும். அந்தப் பெருமை அடுத்தவருக்கோ அதற்கடுத்தவருக்கோதான் போகும். லி ஹோங்பின், சோவ் லியான் என்ற பொருளாதார அறிஞர்கள் 2005-இல் காட்டியதுபோல, மாகாணத் தலைவர்களின் பதவி உயர்வு பொருளாதார வளர்ச்சியோடு பிணைந்திருந்தது. அப்படியிருக்க, குறுகிய காலத்துக்கு வந்தவர் மேம்பாலத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று அவர் மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை. 2013 டிசம்பரில்தான் கட்சியின் அமைப்புத் துறை, மொத்த உற்பத்தியையும் அதன் வளர்ச்சியையும் மட்டும் வைத்து அதிகாரிகளை வரிசைப்படுத்தக் கூடாது என்று அறிவித்தது.

நீண்ட காலம் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஃபூஜியனில் உள்ள சான்மிங் நகரம் நல்ல சாட்சி. முதியோர் அதிகம், வருமானம் சுமார். 2011-இல் ஊழியர் மருத்துவக் காப்பீட்டு நிதியில் 20 கோடி யுவானுக்கு மேல் பற்றாக்குறை. 2012-இல் துணை மேயர் ஜான் ஜிஃபு தலைமையில் தொடங்கிய சீர்திருத்தம் மருந்து விலையைக் குறைத்தது, கொள்முதலை ஒழுங்குபடுத்தியது, மருத்துவர் சம்பளத்தை மருந்து விற்பனையிலிருந்து பிரித்தது. மருந்துக் கம்பெனிகள், விநியோகஸ்தர்கள், மருத்துவமனைகள் என எல்லாப் பக்கமும் எதிர்ப்பு. ஜான் பல ஆண்டுகள் அந்த வேலையோடே இருந்தார். இன்று தேசிய அளவில் முன்மாதிரியாகக் காட்டப்படும் இந்தத் திட்டம் வேறு ஊர்களுக்குப் பரவியதும் பெரும்பாலும் ஆவணங்கள் வழியாகவும் மத்திய அரசின் வலியுறுத்தல் வழியாகவும்தான். நல்ல திட்டம் பரவ ஆளை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற வாதம் இங்கே வலுவிழக்கிறது.

என் பார்வையில் எல்லாவற்றையும் விட வலுவான சான்று சீன அரசின் சொந்த நடத்தை. வறுமை ஒழிப்பை உயிர்நாடியான இலக்காக எடுத்துக்கொண்டபோது அது என்ன செய்தது? சுழற்சியை நிறுத்தியது! 2015 நவம்பரில் மத்திய, மேற்குப் பகுதிகளின் 22 மாகாணங்களின் தலைவர்கள் பொறுப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். வறிய மாவட்டத்தின் கட்சிச் செயலாளரும் நிர்வாகத் தலைவரும், மாவட்டம் வறுமைப் பட்டியலிலிருந்து வெளியே வரும்வரை இடம் மாறக் கூடாது என்று 2016-இல் விதித்தார்கள். நன்றாகச் செயல்பட்டவருக்குத் தர உயர்வு கொடுக்கலாம், ஆனால் அவர் அங்கேயே இருந்து வேலையை முடிக்க வேண்டும். அதே காலத்தில் கீழ்நோக்கி ஆட்களை அனுப்பினார்கள். 2,55,000 குழுக்களும், எல்லா ஆண்டுகளும் சேர்த்து 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அலுவலர்களும் கிராமங்களில் போய்த் தங்கினார்கள். பட்டியலில் இருந்த 832 மாவட்டங்களும் 2020 நவம்பருக்குள் வெளியே வந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பின் அளவுகோல்களைப் பற்றித் தனியாக விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் தலைவரைச் சுழற்றினால் விளைவு கிடைக்கும் என்று நம்பியிருந்தால், முக்கியமான கட்டத்தில் அவர்களை ஏன் கட்டிப்போட வேண்டும்?

அங்கே நன்றாக வேலை செய்த சுழற்சியும் உண்டு. அதில் ஆளோடு பணமும் சேர்ந்து போகும். 1994 முதல் திபெத்துக்கு வளமான மாகாணங்கள் பிரித்துப் பிரித்துப் பொறுப்பேற்று அதிகாரிகளை அனுப்புகின்றன. பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆட்கள் மாறுவார்கள், ஆனால் அனுப்பும் மாகாணம் மாறாது. 2008 சிச்சுவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு மாகாணத்துக்கு ஒரு மாவட்டம் என்று பிரித்துக்கொடுத்து, முந்தைய ஆண்டு வருவாயில் குறைந்தது ஒரு சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்குச் செலவிடச் சொன்னார்கள். பள்ளிகளும் மருத்துவமனைகளும் வேகமாக எழுந்தன. இதை ‘இடமாற்றத்தின் வெற்றி’ என்று எழுதுகிறவர்கள் அந்த ஒரு சதவீதத்தை மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பொருளில் ஆய்வுகளைப் படிப்பவர்களுக்கும் செய்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2003-இல் கிராமக் கூட்டுறவு மருத்துவக் காப்பீடு வந்தது. தொடக்கத்தில் மத்திய, மேற்குப் பகுதிகளில் ஒருவருக்கு மத்திய அரசு 10 யுவான், உள்ளாட்சி 10 யுவான், அவரவர் 10 யுவான். 2006-இல் மேற்கு மாகாணக் கிராமங்களில் கட்டாயக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டது. அந்த இழப்பை மத்திய அரசு 80 சதவீதம், உள்ளாட்சி 20 சதவீதம் என்று பகிர்ந்துகொண்டன. 2007-இல் கிராம வறியோர் உதவித்தொகையும், 2009-இல் புதிய கிராம ஓய்வூதியமும் வந்தன. இவை எல்லாமே வறிய மாகாணங்களின் சமூகச் செலவை உயர்த்தின. 2006-இல் கறாரான இடமாற்ற விதிகள் சரியாக இதற்கு நடுவில் வருகின்றன. முன்னும் பின்னும் ஒப்பிட்டால் இடைவெளி குறைந்ததுபோல் தெரியத்தான் செய்யும். அதில் எவ்வளவு ஆள் மாறியதால், எவ்வளவு பணம் வந்ததால் என்று பிரிக்காத ஆய்வை நம்புவது கடினம்.

அதோடு, தலைவர்கள் குலுக்கல் முறையில் அனுப்பப்படுவதில்லை. திறமைசாலி என்று பெயரெடுத்தவரைக் கட்சி எங்கே அனுப்புகிறது என்பதே ஒரு தேர்வு. மத்திய அரசு ஒரு மாகாணத்தைத் தூக்கிவிட நினைத்து நல்ல ஆளையும் கூடுதல் மானியத்தையும் ஒன்றாக அனுப்பினால், மானியம் செய்த வேலைக்கு ஆள் பெயர் வாங்குவார். அடுத்தது, எந்த நிர்வாக மட்டத்தில் அளக்கிறோம் என்பது. மாகாணங்களுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் அளந்தால், ஒரே மாகாணத்துக்குள் தலைநகரத்துக்கும் மலை மாவட்டத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படாது. ஏற்றத்தாழ்வை அளக்கும் தைல் குறியீடு போன்ற அளவைகள் இந்த இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். பள்ளியும் மருத்துவமும் மாவட்டக் கையில் இருக்கும் நாட்டில் அந்த உள் வேறுபாட்டைப் பார்க்காமல் பேசுவது வீண்.

‘இந்தியாவில் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்குச் சுழற்சி இருக்கிறதே, அதோடு ஒப்பிடலாமா?’ என்று சிலருக்குத் தோன்றும். கொஞ்ச தூரம் ஒப்பிடலாம். 73-வது அரசியலமைப்புச் சட்டத் திருத்தத்தின்படி குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தலைவர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, ஒதுக்கீடு ஊர் ஊராகச் சுழல்கிறது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. பெண் தலைவர்கள் இருந்த பஞ்சாயத்துகளில் குடிநீருக்கு அதிக முதலீடு போனதை அது காட்டியது. ஆனால் அங்கே சுழல்வது ஒதுக்கீடு, தலைவர் அதே ஊர்க்காரர். அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. சீன மாவட்டத் தலைவர் வேறு ஊர்க்காரர், பதில் சொல்வது மேலிடத்துக்கு. இந்த வேறுபாடு இருப்பதால் ஒன்றின் முடிவை எடுத்து மற்றொன்றுக்கு ஆதாரமாக வைக்க முடியாது.

ஆக, வறிய பகுதியின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உண்மையாகவே பணம் சேர வேண்டும் என்று ஓர் அரசு விரும்பினால், இடமாற்றக் கொள்கையை எப்படி அமைக்கலாம்? ஆசிரியர் சம்பளத்தையும் அடிப்படை மருத்துவத்தையும் மாவட்டத்தின் சொந்த வருமானத்திலிருந்து பிரித்து மாகாணத்துக்கோ மத்திய அரசுக்கோ மாற்றுவதை நான் முதலில் வைப்பேன். அதைச் செய்யாமல் எந்தத் தலைவரை அனுப்பினாலும் அவர் கைகள் கட்டப்பட்டே இருக்கும். அதற்குப் பிறகு, வளமான இடத்தில் சமூகத் துறையில் வேலை செய்து காட்டியவரை வறிய இடத்துக்கு அனுப்பலாம். குறைந்தது ஒரு முழுப் பதவிக்காலம் நகர்த்தாமல் வைத்திருக்க வேண்டும். அவருடைய மதிப்பீட்டில் அவர் போன பிறகு வரும் ஆண்டுகளின் கணக்கும் சேர வேண்டும்: எத்தனை குழந்தைகள் படிப்பைப் பாதியில் விட்டார்கள், எத்தனை குடும்பங்கள் மருத்துவச் செலவால் கடனில் விழுந்தன என்று. 2021-இல் சீனா மேற்குப் பகுதியில் 160 மாவட்டங்களைத் தனிக் கவனத்துக்கு எடுத்துக்கொண்டது. அங்கே தலைவர்கள் எத்தனை ஆண்டு தங்குகிறார்கள், பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் தலைக்கு எவ்வளவு போகிறது என்ற இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வைத்தான் நான் மிகவும் எதிர்பார்க்கிறேன்.